கற்பிக்காமலே பிறந்த பல்கலைக்கழகம்

தேர்வு நடத்தும் சபையாகத் தொடங்கி ஆய்வுக்கூடமாக வளர்ந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் இரட்டை இயல்பும், அதிலிருந்து பிறந்த இன்றைய நெருக்கடியும்

1857 செப்டம்பர் 5 அன்று நிறைவேறிய சட்டத்தால் உருவான சென்னைப் பல்கலைக்கழகம், தன் முதல் ஐம்பது ஆண்டுகளில் ஒரு மாணவருக்குக்கூட நேரடியாகப் பாடம் நடத்தவில்லை. பாடத்திட்டம் வகுப்பது, வினாத்தாள் அமைப்பது, தேர்வு நடத்துவது, தேறியவர்களுக்குப் பட்டம் வழங்குவது ஆகியவையே அதன் பணிகளாக இருந்தன. கற்பிக்கும் வேலை முழுவதும் மாகாணமெங்கும் பரவிக்கிடந்த கல்லூரிகளிடம் விடப்பட்டிருந்தது. பின்னர் வந்த நூறு ஆண்டுகளில் உலகம் குறிப்பிட்டுப் பேசும் சில ஆய்வுகள் இதே நிறுவனத்தில் நடந்தன என்றாலும், பிறவியிலேயே அமைந்த தேர்வுச் சபையின் இயல்பு அதைவிட்டு நீங்கவில்லை. பல லட்சம் பேருக்குப் பட்டம் வழங்கும் பெரும் பணியும், சில நூறு பேர் ஈடுபடும் ஆய்வுப் பணியும் ஒரே கூரையின்கீழ் எப்படிச் சேர்ந்திருந்தன, ஒன்றின் வருவாய் மற்றொன்றை எப்படித் தாங்கியது, அந்தத் தாங்கல் எங்கே தளர்ந்தது என்பதே இப்பல்கலைக்கழக வரலாற்றின் சாரம்.

எழுபதாயிரம் கையொப்பங்கள்

பல்கலைக்கழகக் கோரிக்கை ஆட்சியாளர்களிடமிருந்து மட்டும் எழுந்ததன்று. 1839 நவம்பர் 11 அன்று, எழுபதாயிரம் குடிமக்கள் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஒன்றை அன்றைய அரசுத் தலைமை வழக்கறிஞர் ஜார்ஜ் நார்ட்டன், சென்னை ஆளுநர் எல்ஃபின்ஸ்டன் பிரபுவிடம் அளித்தார். ஆங்கிலக் கல்லூரி ஒன்று வேண்டும் என்பது அதன் மையக் கோரிக்கை. அதன் விளைவாக 1841இல் தொடங்கப்பட்ட உயர்நிலைப்பள்ளி, பல்கலைக்கழகம் என்ற ஒன்று தோன்றுவதற்கு முன்பே பல்கலைக்கழகப் பள்ளி என்ற பெயரைத் தாங்கியிருந்தது. ஈ. பி. பவல் தலைமையில் நடந்த அந்தப் பள்ளியே வளர்ந்து, பின்னாளில் மாநிலக் கல்லூரியாயிற்று.

கிழக்கிந்தியக் கம்பெனியை மேற்பார்வையிட்ட பிரிட்டிஷ் அரசுக் குழுவின் தலைவராக இருந்த சார்லஸ் வுட் 1854இல் அனுப்பிய கல்வி அறிக்கை, இந்தியாவின் மூன்று மாகாணத் தலைநகரங்களிலும் லண்டன் பல்கலைக்கழகத்தைப் பின்பற்றிப் பல்கலைக்கழகங்கள் அமைய வேண்டும் என்றது. அந்நாளைய லண்டன் பல்கலைக்கழகம், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் போல மாணவரும் ஆசிரியரும் ஒன்றாகத் தங்கிக் கற்கும் இடமாக இல்லாமல், தன்னோடு இணைந்த கல்லூரிகளின் மாணவர்களுக்குத் தேர்வு நடத்திப் பட்டம் தரும் சபையாக இயங்கியது. இத்தகைய ஏற்பாட்டுக்கு இணைவு முறை என்று பெயர். குறைந்த செலவில் பரந்த நிலப்பரப்பை ஆளக்கூடிய முறை என்பதால் கம்பெனி அரசுக்கு இது உவப்பாக இருந்தது. கல்கத்தாவுக்கு ஜனவரியிலும் பம்பாய்க்கு ஜூலையிலும் சட்டம் இயற்றப்பட்ட பின், அதே ஆண்டின் 27ஆம் சட்டமாகச் சென்னைக்கும் பல்கலைக்கழகம் வந்தது. வடக்கே பெரும் கிளர்ச்சி மூண்டிருந்த காலம் அது.

அச்சட்டம் மாகாண ஆளுநரையே வேந்தராக்கியது. ஹாரிஸ் பிரபு முதல் வேந்தராகவும், உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி கிறிஸ்டோபர் ராலின்சன் முதல் துணைவேந்தராகவும் அமர்ந்தனர். செனட் எனப்படும் பேரவை பொதுக்கொள்கைகளை வகுக்க, சிண்டிகேட் எனப்படும் ஆட்சிக்குழு அன்றாட நிர்வாகத்தை நடத்தியது. ஆட்சித் தலைமையும் பல்கலைக்கழகத் தலைமையும் ஒருவரிடமே சேர்ந்த இந்த ஏற்பாடு, ஆட்சி மாறியும் நாடு விடுதலை பெற்றும் மாறாமல் நீடித்தது.

தேர்வே கல்வியாக

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னிந்தியாவில் உயர்கல்வி என்பது ஒரு படிக்கட்டாக அமைந்தது. மெட்ரிகுலேஷன் என்ற நுழைவுத் தேர்வு முதற்படி; எஃப்.ஏ. என்று சுருக்கி வழங்கப்பட்ட கலைப்படிப்பின் முதல் தேர்வு அடுத்த படி; அதற்கு மேல் பி.ஏ. இருந்தது. எஃப்.ஏ. வரை கற்பித்தவை இரண்டாம் தரக் கல்லூரிகள், பி.ஏ. வரை கற்பித்தவை முதல் தரக் கல்லூரிகள் எனப்பட்டன. பட்டம் அரசுப் பணிக்கும் வழக்கறிஞர் தொழிலுக்கும் நுழைவுச் சீட்டாக இருந்தமையால், பாதியில் தவறியவர்கள்கூட எத்தனையாவது படியில் தவறினார்கள் என்பதைத் தகுதியாகக் குறிப்பிட்டுக்கொண்டனர்.

பல்கலைக்கழகத்தின் ஆட்சி எல்லை வியப்பூட்டும் அளவு பரந்திருந்தது. ஒரிசாவை ஒட்டிய கஞ்சம் முதல் மலபார் வரை நீண்ட மாகாணம் முழுவதையும் அது உள்ளடக்கியது. மைசூர், திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் கல்லூரிகளும் அதனோடு இணைந்திருந்தன. ஐதராபாத்தில் உஸ்மானியா பல்கலைக்கழகம் 1918இல் தோன்றிய பிறகும், அந்நகரின் நிஜாம் கல்லூரி 1947 வரை சென்னையோடுதான் இணைந்திருந்தது. கடல் கடந்தும் மாணவர்கள் வந்தனர். முதல் பி.ஏ. தேர்வில் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை இருவருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள். தாமோதரம்பிள்ளை பின்னாளில் சுவடிகளைத் தேடி ஒப்புநோக்கிக் கலித்தொகை உள்ளிட்ட பழந்தமிழ் நூல்களை அச்சேற்றியவர் என்பதால், இப்பல்கலைக்கழகத்தின் பட்டதாரிப் பட்டியலும் தமிழ்ப் பதிப்பு வரலாறும் ஒரே பெயரில் தொடங்குகின்றன.

பல்கலைக்கழகத்தின் முதல் பெருங்கட்டடமும் அதன் இயல்பையே காட்டுகிறது. ராபர்ட் ஃபெல்லோஸ் சிஷோம் வடிவமைத்து 1874க்கும் 1879க்கும் இடையே எழுப்பப்பட்ட செனட் இல்லம், இஸ்லாமிய, இந்திய, ஐரோப்பியக் கட்டடக் கூறுகளை இணைத்த இந்தோ–சாரசெனிக் பாணியின் முதன்மையான எடுத்துக்காட்டுகளில் ஒன்று. பேரவைக் கூட்டம், பட்டமளிப்பு, தேர்வு ஆகியவற்றுக்கென்றே அந்தப் பெருமண்டபம் அமைக்கப்பட்டது. பாடம் நடத்தும் நோக்கம் அதன் திட்டத்தில் இல்லை. 1937இல் மாகாணச் சட்டமன்றம் சில மாதங்கள் அங்கேயே கூடியது.

தேர்வு முறை வெளித்தோற்றத்துக்கு நடுநிலையானது; வினாத்தாள் எழுதுபவரின் குலம் கேட்பதில்லை. ஆனால் தேர்வு மண்டபம் வரை வந்துசேர யாருக்கு வழி இருந்தது என்ற கேள்வி விரைவிலேயே அரசியலாயிற்று. 1916 டிசம்பரில் பி. தியாகராயச் செட்டியார் வெளியிட்ட பிராமணரல்லாதார் அறிக்கை, பல்கலைக்கழகத்தின் பதிவுபெற்ற பட்டதாரிகள் 650 பேரில் 452 பேர் பிராமணர், 124 பேர் பிராமணரல்லாத இந்துக்கள், 74 பேர் பிற சமூகத்தவர் என்று கணக்குக் காட்டியது. பல்கலைக்கழகத்தின் பதிவேடு ஒரு சமூக ஆவணமாக வாசிக்கப்பட்டு, தென்னிந்திய அரசியலின் போக்கை மாற்றிய வாதத்துக்குச் சான்றானது. பிராமணரல்லாதாரின் கட்சியாகப் பின்னர் ஆட்சிக்கு வந்த நீதிக்கட்சி 1922இல் கல்லூரிகளில் மாணவர் சேர்க்கைக் குழுக்களை அமைக்கச் செய்ததற்கு இத்தகைய கணக்குகளே பின்னணி. பெண்களின் வரவும் மெதுவாகவே நிகழ்ந்தது: முத்துலட்சுமி ரெட்டி மருத்துவப் பட்டம் பெற்றது 1912இல், சென்னை நகரின் முதல் மகளிர் கல்லூரியான ராணி மேரிக் கல்லூரி தோன்றியது 1914இல்.

தவறியவருக்குக் கிடைத்த உதவித்தொகை

தேர்வுச் சபை, ஆய்வுப் புரவலர் என்ற இரு முகங்களையும் ஒருங்கே கண்ட மனிதர் சீனிவாச ராமானுஜன். கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களில் நாட்டம் இல்லாத அவர், கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கல்வி உதவித்தொகையை இழந்து, பச்சையப்பன் கல்லூரிக்கு வந்து, அங்கும் எஃப்.ஏ. தேர்வில் தவறினார், 1907இல் தனித்தேர்வராக எழுதியும் தேறவில்லை. எல்லாப் பாடத்திலும் ஒரு குறைந்தபட்ச அளவைக் கேட்பதே தேர்வு முறையின் தன்மை. ஒரே துறையில் எல்லையற்ற ஆற்றல் கொண்டவரை அடையாளம் காணும் வழி அந்த முறைக்குள் இல்லை.

ஆறு ஆண்டுகளுக்குப் பின், சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுத்தராக இருந்த அதே மனிதருக்கு, முதுகலைப் பட்டம் வேண்டும் என்ற விதியைத் தளர்த்தி, மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு ஆய்வு உதவித்தொகை வழங்கப் பல்கலைக்கழக ஆட்சிக்குழு 1913இல் முடிவெடுத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை. மறு ஆண்டு அவர் கேம்பிரிட்ஜ் செல்ல ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகையும் பல்கலைக்கழகமே அளித்தது. 1920இல் அவர் மறைந்தபின் மனைவி ஜானகி அம்மாளுக்கு மாதம் 20 ரூபாய் ஓய்வூதியம் அளித்ததும், கணிதக் குறிப்பேடுகளைத் தன் நூலகத்தில் காத்ததும் இதே நிறுவனம். பட்டம் மறுத்த நிறுவனமே பட்டமில்லாதவருக்கு ஆய்வுப் பணம் தந்தது முரணாகத் தோன்றினாலும், அந்த ஐந்தாறு ஆண்டுகளுக்குள் பல்கலைக்கழகத்தின் நோக்கமே விரிந்துவிட்டது என்பதே உண்மையான விளக்கம்.

சொல்லும் ஊரும் நூலும்

கர்சன் பிரபு கொண்டுவந்த 1904ஆம் ஆண்டு இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம், பல்கலைக்கழகங்கள் தாமே பேராசிரியர்களை அமர்த்திக் கற்பிக்கவும் ஆய்வை வளர்க்கவும் வழி திறந்தது. பத்தாண்டுகள் கழித்துச் சென்னை அந்த வாயிலில் நுழைந்தது. இந்திய வரலாறு, தொல்லியல் துறையின் முதல் பேராசிரியராக 1914இல் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் பொறுப்பேற்றார். அவருக்குப்பின் 1929இல் வந்த கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி, ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளை ஆதாரமாகக் கொண்டு எழுதிய சோழர் வரலாறு 1935க்கும் 1937க்கும் இடையே பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. ஆட்சிமுறை, நிலவரி, ஊராட்சி என்று அவர் எழுப்பிய பல கேள்விகளோடு உடன்பட்டும் முரண்பட்டும்தான் பிற்கால ஆய்வாளர்கள் எழுத வேண்டியிருந்தது.

பொருளியல் துறைக்கு 1915இல் வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், இங்கிலாந்துப் பாடநூல்களை விட்டுவிட்டு, மாணவர்களை அவரவர் ஊர்ப்புறத்துக்கு அனுப்பி நிலம், கூலி, கடன், உணவு ஆகியவற்றைக் கணக்கெடுக்கச் செய்தார். தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வடஆர்க்காட்டு தூசி, தஞ்சைப் பாலக்குறிச்சி, இராமநாதபுரத்து வடமலைபுரம், திருநெல்வேலிக் கங்கைகொண்டான் ஆகிய ஊர்களின் விவரங்கள் 1918இல் நூலாயின. 1930களின் பிற்பாதியில் பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணன் இருவரும் அதே ஊர்களை மீண்டும் ஆராய்ந்தனர். அதன் பின்னரும் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப அங்கே சென்றுள்ளனர். ஒரே ஊரைத் தலைமுறை இடைவெளியில் அளந்து பார்க்கும் இத்தகைய தொடராய்வு இந்தியப் பொருளியலில் அரிது.

தமிழுக்கு இக்காலம் தந்த பெருங்கொடை தமிழ் லெக்சிகன் எனப்படும் பேரகராதி. ஜே. எஸ். சாண்ட்லர் என்ற அமெரிக்கப் பாதிரியாரின் பொறுப்பில் 1913இல் தொடங்கிய இப்பணி, 1926இல் பதிப்பாசிரியரான எஸ். வையாபுரிப்பிள்ளையின் காலத்தில் நிறைவெய்தியது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளும், 1939இல் பிற்சேர்க்கையும் வெளிவந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் பொருளோடும் மேற்கோளோடும் இடம்பெற்றன. ஒரு லட்ச ரூபாயில் முடியும் என்று மதிப்பிடப்பட்ட வேலைக்கு நான்கு லட்சத்துக்கும் மேல் செலவாயிற்று. விற்பனையால் மீட்க முடியாத இத்தகைய செலவைத் தாங்குவதே பொது நிதியில் இயங்கும் பல்கலைக்கழகத்தின் தனிப்பயன். கல்லூரியில் படித்துப் பட்டம் பெறாத உ. வே. சாமிநாதையருக்கு 1932இல் மதிப்புறு முனைவர் பட்டம் அளித்ததன் மூலம், தேர்வுக்கு வெளியே வளர்ந்த புலமையையும் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது.

நூலகத் துறையின் கதையும் இதே திசையில் செல்வது. மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்த எஸ். ஆர். ரங்கநாதன் 1924இல் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். லண்டனில் பயிற்சி பெற்றுத் திரும்பிய அவர், நூலியலின் ஐந்து விதிகளை 1931இலும், கோலன் பகுப்பு முறையை 1933இலும் நூல்களாக வெளியிட்டார். ஒரு பொருளைப் பல கோணங்களாகப் பகுத்து, அவற்றைக் குறியீடுகளால் இணைத்து நூலுக்கு இடம் குறிக்கும் அம்முறை, உலக நூலக அறிவியலின் சிந்தனையையே மாற்றியது. சேப்பாக்கத்து நூலகத்தின் அடுக்குகளே அதற்குச் சோதனைக்களம். பின்னாளில் தன் சேமிப்பான ஒரு லட்ச ரூபாயை நூலக அறிவியல் பேராசிரியர் பதவிக்கென இப்பல்கலைக்கழகத்துக்கே அவர் அளித்தார்.

இருபத்தேழு ஆண்டுத் துணைவேந்தர்

1923ஆம் ஆண்டுச் சட்டம் கற்பித்தலையும் ஆய்வையும் பல்கலைக்கழகத்தின் முறையான பணிகளாக்கியது. அச்சட்டத்தின் பலனை முழுமையாகப் பயன்படுத்தியவர், 1942 முதல் 1969 வரை தொடர்ந்து இருபத்தேழு ஆண்டுகள் துணைவேந்தராக இருந்த மகப்பேறு மருத்துவர் ஆ. லட்சுமணசாமி முதலியார். ஒருவரே இவ்வளவு காலம் பதவியில் இருப்பது மக்களாட்சி மரபுக்கு உகந்ததா என்பது நியாயமான கேள்வியே. ஆயினும் நீண்ட காலத் திட்டமிடலுக்கு அது இடமளித்தது என்பதையும் மறுப்பதற்கில்லை.

அவர் காலத்தில் கிண்டி வளாகத்தில் தொடங்கிய இயற்பியல் துறைக்கு 1952இல், முப்பது வயதில் பேராசிரியராக வந்தவர் கோ. நா. ராமச்சந்திரன். தோலுக்கும் எலும்புக்கும் தசைநாருக்கும் வலிமை தரும் கொலாஜன் என்ற புரதம் மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட சுருளாக அமைந்திருக்கிறது என்பதை, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954–55இல் அவர் முன்வைத்தார். சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் அடிப்படையானது: புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எவற்றில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதும் என்பதைக் கணக்கிட்டு ஒரு படமாக வரைந்தனர். ராமச்சந்திரன் வரைபடம் எனப்படும் அது, இன்றும் புதிய புரத வடிவம் ஒன்று கண்டறியப்பட்டால் அதன் சரித்தன்மையைச் சோதிக்கப் பயன்படுகிறது. மிகுந்த செல்வமோ பெருங்கருவிகளோ இல்லாத ஒரு மாநிலப் பல்கலைக்கழகத் துறையில் இது நிகழ்ந்தது. நல்ல பேராசிரியரைத் தேடி அமர்த்தி, குறுக்கிடாமல் விட்டதே அந்த நிர்வாகம் செய்த பேருதவி.

பாகப்பிரிவினைகள்

இந்த உயர்வுக்கு இணையாகவே எல்லைச் சுருக்கமும் நடந்துகொண்டிருந்தது. மைசூர் 1916இலும், ஆந்திரம் 1926இலும், அண்ணாமலை 1929இலும், திருவிதாங்கூர் 1937இலும் தனிப் பல்கலைக்கழகங்களைப் பெற்றன. திருப்பதியில் வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் 1954இல் வந்தது. தென்மாவட்டங்களுக்கு 1966இல் மதுரையும், மேற்கு, நடு மாவட்டங்களுக்கு 1982இல் பாரதியார், பாரதிதாசன் பல்கலைக்கழகங்களும், வடமாவட்டங்களுக்கு 2002இல் திருவள்ளுவர் பல்கலைக்கழகமும் அமைந்தன. கூட்டுக்குடும்பத்தில் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பாகம் பிரித்துக்கொண்டு போவது போல, ஒவ்வொரு வட்டாரமும் தன் கல்லூரிகளை எடுத்துக்கொண்டு வெளியேறியது.

நிலம் பிரிந்ததைவிடத் துறைகள் பிரிந்ததே ஆழமான இழப்பு. வேளாண்மை 1971இல் கோவைக்குப் போயிற்று. 1978இல் அண்ணா பல்கலைக்கழகம் உருவானபோது, கிண்டிப் பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டைத் தொழில்நுட்ப நிறுவனம் ஆகியவற்றோடு, அழகப்பச் செட்டியாரின் கொடையால் பல்கலைக்கழகமே நிறுவிய அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியும் அதன் வசமாயிற்று. மருத்துவக் கல்லூரிகள் 1980களின் இறுதியிலும் சட்டக் கல்லூரிகள் 1990களிலும் தனித்தனிப் பல்கலைக்கழகங்களின்கீழ் சென்றன. பிரிவினை கல்விக்கு நன்மை செய்தது என்பதில் ஐயமில்லை; தொலைதூர மாவட்டத்து மாணவருக்குப் பல்கலைக்கழகம் அருகில் வந்தது. ஆனால் மருத்துவரும் பொறியாளரும் வரலாற்றாசிரியரும் ஒரே பேரவையில் அமர்ந்து விவாதித்த நிலை முடிவுக்கு வந்தது.

இதே காலத்தில் மற்றொரு மாற்றமும் நேர்ந்தது. 1978 முதல் லயோலா, விவேகானந்தா, கிறித்தவக் கல்லூரி போன்றவை தன்னாட்சி பெற்றன; தாமே பாடத்திட்டம் வகுத்துத் தாமே தேர்வு நடத்தும் உரிமைக்குத் தன்னாட்சி என்று பெயர். பட்டச் சான்றிதழில் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும். நாட்டிலேயே முதன்முதலாக இந்தச் சோதனையில் இறங்கியவற்றுள் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் முன்னணியில் இருந்தன. கற்பிப்பவரே மதிப்பிட வேண்டும் என்ற கல்விக்கொள்கை அதனால் வலுப்பெற்றது. தேர்வு நடத்துவதையே தொழிலாகக் கொண்டு பிறந்த நிறுவனத்தின் வேலை அதனால் குறைந்தது.

கணக்குப் புத்தகம் சொல்வது

அரசு மானியமும் பல்கலைக்கழக மானியக் குழுவின் நிதியும் எப்போதும் இருந்தன என்றாலும், பல்கலைக்கழகம் தன் விருப்பப்படி செலவிடக்கூடிய பணம் பெரும்பாலும் தேர்வு, இணைவு, சான்றிதழ் ஆகியவற்றின் கட்டணங்களிலிருந்தே வந்தது. மாணவர் பெருகிய காலத்தில் இது வசதியான ஏற்பாடு. பலர் கட்டிய சிறு தொகைகள் சேர்ந்து சிலருடைய ஆய்வுக்கு உதவின. எல்லை சுருங்கியபோது ஏற்பட்ட இடைவெளியை, 1981இல் தொடங்கப்பட்ட அஞ்சல்வழிக் கல்வி நிறுவனம் நெடுங்காலம் நிரப்பியது. 'கரஸ்' என்று மக்கள் சுருக்கிச் சொல்லும் அந்தப் படிப்பில், வேலைக்குச் செல்வோரும் இல்லத்தரசிகளும் பெருமளவில் சேர்ந்தனர். தொலைநிலைக் கல்விக்கான எல்லைகளையும் விதிகளையும் மானியக் குழு இறுக்கிய பின் அந்த ஊற்றும் மெலிந்தது. ஓய்வூதியச் சுமை ஏறிக்கொண்டே போக, ஆசிரியர் பணியிடங்கள் நிரப்பப்படாமல் நின்றன.

2024 பிப்ரவரியில் வருமான வரித்துறை பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியதை இந்தப் பின்னணியில் வைத்தே புரிந்துகொள்ள வேண்டும். அரசின் கணிசமான நிதியில் இயங்கும் கல்வி நிறுவனத்துக்கே வரிவிலக்கு உரியது. அரசின் பங்கு அந்த அளவுக்கு இருக்கிறதா என்பதே தகராறின் அடிப்படை. அரசுப் பல்கலைக்கழகம் என்ற பெயருக்கும் அரசு தரும் பணத்துக்கும் இடையே உள்ள தூரம் ஒரு வரிக் கணக்கில் வெளிப்பட்டது. நிர்வாகத்திலும் முட்டுக்கட்டை நேர்ந்தது. 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தபின், வேந்தரான ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் இடையே நியமன உரிமை பற்றிய பூசல் நீள, புதிய துணைவேந்தர் இன்றி ஒருங்கிணைப்புக் குழு நிர்வாகத்தைக் கவனித்தது. ஆளுநரை வேந்தராக்கிய 1857ஆம் ஆண்டின் ஏற்பாடு, ஆளுநரும் அமைச்சரவையும் வெவ்வேறு அரசியல் மூலங்களிலிருந்து வரும் கூட்டாட்சிக் காலத்தில் இவ்வளவு செலவு வைக்கும் என்று அதை வகுத்தவர்கள் எண்ணியிருக்க வழியில்லை.

இவ்வளவுக்கும் நடுவே இப்பல்கலைக்கழகம் ஆற்றும் சமூகப் பணி குறையவில்லை. சேப்பாக்கம், மெரினா, கிண்டி, தரமணி வளாகங்களின் துறைகளிலும் சென்னைப் பகுதியின் இணைவுக் கல்லூரிகளிலும் இன்று படிப்பவர்களில் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள் ஏராளம். ஏழை மாணவரைக் கட்டணமின்றிச் சேர்க்கும் இலவசக் கல்வித் திட்டமும் நடைபெறுகிறது. 1916ஆம் ஆண்டு அறிக்கை காட்டிய சமூகப் பட்டியல் இன்று முற்றிலும் மாறியிருப்பது, தேர்வு மண்டபத்தின் வாயில் அகன்றதற்குச் சான்று.

ஆகவே இரு முகங்களில் எது வேண்டும் என்பது தவறான கேள்வி. பட்டம் வழங்கும் பணியால் ஆய்வு தாழ்ந்துவிடவில்லை. பேரகராதியும் கிராம ஆய்வும் புரத வரைபடமும் இணைவுக் கல்லூரிகளின் பெருங்கூட்டத்துக்கு நடுவேதான் பிறந்தன. தாழ்ந்தது, ஆய்வின் செலவைத் தேர்வுக் கட்டணத்தின்மேல் ஏற்றிவைத்த நிதி ஏற்பாடு. படிப்பவர்களில் பெரும்பாலோர் ஏழைகளாக இருக்கும் காலத்தில் கட்டணத்தை உயர்த்தி அதை மீட்பது, வாயிலை மீண்டும் குறுக்குவதாகவே முடியும். ஆய்வுக்குத் தனி மானியம், தடையற்ற துணைவேந்தர் நியமனம், காலியிடங்களை நிரப்பும் கால அட்டவணை ஆகிய மூன்றும் அரசு செய்ய வேண்டியவை. எழுபதாயிரம் பேர் கையொப்பமிட்டுக் கேட்ட நிறுவனத்தை நடத்தும் செலவு, அதில் படிக்க வரும் மாணவரின் செலவாக அல்லாமல் பொதுச் செலவாகவே இருக்க வேண்டும்.